மெஷின்காரருக்கு ஒன்பதாவது வாரம்

என் கைபேசி எண் எங்கள் ஊரில் அநேகமாக யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் இருப்பது என் கணவரின் எண். கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் அதேதான். துணிக்கடைக்காரர் பில் போடும்போது கேட்டாலும் அவர் எண்ணைத்தான் சொல்வேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சராக வேலை பார்க்கும் பள்ளியில், பெற்றோர்களிடம் என் எண் போகக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுப் பெண்ணின் நம்பரை வெளியில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

இதை நான் கேலி செய்ய மாட்டேன். கல்லூரியில் படித்த காலத்தில் திருவாரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ரீசார்ஜ் செய்ய நம்பரைச் சொன்னேன். அன்று சாயங்காலமே யாரோ ஒருவன் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான். அதன் பிறகு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் சாப்பிட்டேனா என்பதில் என்னைப் பெற்றவளுக்குக்கூட அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. கடைசியில் சிம்மையே தூக்கிப் போட்டேன். அதனால் கல்யாணமாகி வந்ததும், எங்கே கேட்டாலும் மகனுடைய நம்பரையே கொடுத்துவிடும்படி என் மாமியார் சொன்னபோது மறுபேச்சு பேசாமல் தலையாட்டினேன்.

என் கணவர் அறுவடை மெஷின் ஏஜெண்ட். குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆத்தூர் பக்கமிருந்து மெஷின்கள் லாரியில் வந்து இறங்கும். எந்த மெஷின் யார் வயலுக்கு எப்போது போக வேண்டும், ஈர வயலாக இருந்தால் செயின் வைத்த மெஷினா, காய்ந்த வயலாக இருந்தால் டயர் மெஷினா என்று பேசி முடித்து அனுப்புவது அவர் வேலை. குத்தாலத்திலிருந்து திருவாரூர் வரைக்கும் அவருடைய நம்பர் இல்லாத விவசாயி குறைவு. அவரும் எல்லோருடைய எண்ணையும் வைத்திருக்கிறார், ஆனால் பெயர் போட்டு வைப்பதில்லை. ‘வாய்க்கா மேடு மூணு மா செயின்’, ‘கோமல் ரோடு ஒரு வேலி டயர்’ என்று நிலம் இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் மெஷினையும் போட்டுத்தான் வைப்பார். பெயரைச் சொன்னால் அவருக்கு ஆள் பிடிபடாது, வயலைச் சொன்னால் வரப்பு வரைக்கும் சொல்வார். அவருடைய அப்பா கூலிக்கு இறங்கி அரிவாளால் அறுத்த வயல்கள் பலவும் அந்த போனுக்குள் இருக்கின்றன.

எனக்கு இரண்டு முறை உண்டாகிக் கலைந்துபோனது. முதல் முறை நாள் தள்ளிப்போனதுமே சந்தோஷம் தாங்காமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். கலைந்த வலி சீக்கிரம் அடங்கிவிட்டது. விசாரிப்புதான் அடங்கவே இல்லை. மீன்காரம்மா கேட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காரணம் இருந்தது. பப்பாளி சாப்பிட்டிருப்பாய் என்றார்கள். மேடு பள்ளத்தில் வண்டியில் போனாய் என்றார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எப்படித் தங்கும் என்று என் பள்ளி வேன் ஓட்டுநர் சொன்னார். இரண்டாவது முறையும் இதே ஊர்வலம். நான் ஒரு தடவை இழந்ததை இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை இழந்து காட்ட வேண்டியிருந்தது.

அதனால் மூன்றாவது முறை உண்டானபோது நானும் அவரும் ஒரு முடிவெடுத்தோம். ஐந்தாம் மாதம் வரை யாருக்கும் சொல்வதில்லை. சுவாமிமலையில் இருக்கும் என் அம்மாவுக்கும் இல்லை, ஒரே வீட்டில் இருக்கும் மாமியாருக்கும் இல்லை. மாமியாருக்குத் தெரியாமல் வாந்தி எடுப்பது எப்படி என்று என்னால் ஒரு பாடப்புத்தகமே எழுத முடியும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுப்பேன், கேட்டால் கேஸ் டிரபிள் என்பேன். நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இது தங்கினாலும் தங்காமல் போனாலும் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது என் கையில் இருக்க வேண்டும். பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்கேன் எடுக்க, எங்களைத் தெரிந்தவர்கள் இல்லாத டவுனாகப் பார்த்துப் போனோம். பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. அங்கே தரை துடைப்பவர் எங்கள் தெருக்காரர் என்பதால் அதைத் தாண்டி, வண்டியில் நெடுந்தூரம் போனோம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை.

இந்த ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். பெண்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது, யாராவது சிரிக்க வைத்தால் தொலைந்தோம். அந்த நிலையில்தான் கவுன்ட்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். என் கணவர் என்னைப் பார்க்காமலே தன் எண்ணைச் சொன்னார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ரிப்போர்ட் எல்லாம் இப்போது ஆப்பில்தான் வரும், டோக்கனும் அதில்தான், போனைக் கொடுத்தால் தானே போட்டுத் தருவதாகச் சொன்னாள். அவள் மேசையில் ஏற்கனவே நாலைந்து போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ரேஷன் கடையில் கார்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்போமே, அதே பழக்கம். எல்லோரும் தத்தம் போனை அடுக்கில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்கள். என் கணவரும் வைத்தார்.

நான் மட்டும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கட்டைவிரல் திரையில் ஓடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு நீளமான ஒப்பந்தம் வந்தது. கடைசி வரி வரை இழுத்தால்தான் பொத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது, அவள் ஒரே இழுப்பில் அடிக்குப் போனாள். பிறகு புகைப்படங்களுக்கு அனுமதி, இருக்கும் இடத்துக்கு அனுமதி, குறுஞ்செய்திக்கு அனுமதி, தொடர்பு எண்களுக்கு அனுமதி. இதையெல்லாம் நான் ஒன்பதாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறேன். கேட்டதும் அனுமதி கொடுக்காதே, எதற்குக் கேட்கிறது என்று யோசி என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். எனக்குச் சுரீர் என்றது.

"ஸ்கேன் எடுக்கறதுக்கும் கான்டாக்ட்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்? அதை மட்டும் எடுத்துடுங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அலோ குடுக்கலேன்னா டோக்கன் வராது மேடம். பின்னாடி ஆளு நிக்கிறாங்க பாருங்க."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைப் போலவே தண்ணீர் குடித்தவர்கள். ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அந்த நேரத்தில் என் வீட்டுப் பட்டாவைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வேறு சென்டருக்குப் போகலாம் என்றால், திரும்பவும் தண்ணீர், திரும்பவும் வரிசை, அங்கேயும் இதே ஆப்பாக இருக்காது என்று என்ன நிச்சயம்? வாயை மூடிக்கொண்டேன். அவள் கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டு போனைத் திருப்பித் தந்தாள். ‘உங்கள் சம்மதத்துக்கு நன்றி’ என்று திரையில் ஒரு பூ மலர்ந்தது.

உள்ளே சுவரில் ஒரு பெரிய பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நல்ல சட்டம்தான். டாக்டரம்மா ஸ்பீக்கரைத் திருப்பி இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். நான் அழுதேன். முன்பு இரண்டு முறையும் அந்தச் சத்தம் வரை நாங்கள் வந்ததே இல்லை. திரும்பும் வழியில் அவர் வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டினார், சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

சில நாட்கள் கழித்து, பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு காலையில், அவருடைய போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் வாய்க்கா மேடு மூணு மா. எடுத்துப் பேசியவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எதிர்முனையில் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. பேசி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு, அதற்குள் இன்னொன்று. கடைசியில் யாரோ அந்தக் குறுஞ்செய்தியை அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். மகிழ்ச்சியான செய்தி என்று தொடங்கி, உங்கள் நண்பர் என்று போட்டு, என் கணவரின் முழுப் பெயர், அதன் பிறகு ‘ஒன்பது வாரக் கர்ப்பமாக இருக்கிறார்’. அவருடைய ‘சந்தோஷ வட்டத்தில்’ சேர இங்கே அழுத்துங்கள் என்று கீழே ஒரு நீல வரி.

ஆப்பில் பதிந்திருந்தது அவருடைய எண். ஆகவே அதன் கணக்கில் பிள்ளைத்தாய்ச்சி அவர்தான். அவர் போனில் இருந்த அத்தனை எண்ணுக்கும், செயினுக்கும் டயருக்கும், லாரிக்காரருக்கும் வைக்கோல் கட்டுகிறவருக்கும், மெஷின் ஏஜெண்ட் முழுகாமல் இருக்கிற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் கை எதைப் பிடித்திருக்கிறது என்று உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளி மனிதரிடம் போகக் கூடாது என்று என் நம்பரைப் பொத்திப் பொத்தி வைத்தோம். என் போனில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிறந்த வீடு, சில சிநேகிதிகள், பள்ளிக்கூடம். என் நம்பரைக் கொடுத்திருந்தால் அவ்வளவோடு போயிருக்கும். பத்திரம் என்று நினைத்து இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேரைத் தெரிந்த போனை எடுத்து நீட்டினோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபப்படுவது என்று மட்டும் தெரியாது.

ஊர் கேலியை அவர் தாங்கிக்கொண்டார். டீக்கடையில் அவருக்கு மாங்காய் வாங்கிக் கொடுத்தார்களாம். ஆனால் அவருடைய அப்பா கூலி வேலை பார்த்த பண்ணை வீட்டுப் பெரியவர், வயலில் நாலு பேர் முன்னால், "ஏண்டா, முழுகாம இருக்கிறவன் சேத்துல எறங்கலாமாடா?" என்று கேட்டிருக்கிறார். தன் ஐம்பது ஏக்கருக்கு மெஷின் ஏற்பாடு செய்கிற மனிதரைப் பெரியவர் அதுவரை ‘வாங்க, போங்க’ என்று அழைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு குறுஞ்செய்தியில் பழைய ‘டா’ திரும்பி வந்துவிட்டது. என் கணவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

தன் போனுக்கு வந்த செய்தியைப் பார்க்காமலே இருந்த மாமியாருக்கு விஷயம் மாவு மில்லில் தெரிந்தது. அரைத்த மாவோடு வந்து, தூக்கை இறக்கி வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

"என்கிட்டகூட சொல்லக் கூடாதுன்னு நெனச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் சொல்ல நான் ஒரு நாள் குறித்து வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் பேசிப் பார்த்தும் வைத்திருந்தேன். அதை மாவு மில்லில் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இந்த முறை தண்ணீர் குடிக்காமல். அதே பெண், அதே அடுக்கு. நீங்கள்தானே அலோ கொடுத்தீர்கள் என்றாள். அழுத்தியது நீ என்றேன். போன் உங்களுடையதுதானே என்றாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மேலாளர், ஆப் வேறு கம்பெனி, தாங்கள் ரிப்போர்ட் மட்டும்தான் ஏற்றுகிறோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. கத்துகிறவளை உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புகிற மரியாதை.

ஆப்பின் உதவிப் பக்கத்தில் எழுதினேன். ‘உங்கள் கவலையை நாங்கள் மதிக்கிறோம்’ என்று பதில் வந்தது. மதித்தது போதும், நிறுத்துங்கள் என்று எழுதினேன். சம்மதம் இன்ன நேரத்தில் இந்த எண்ணிலிருந்து பதிவாகியிருக்கிறது என்று சாட்சி காட்டினார்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று கேட்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது, அதன் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று மட்டும் இயந்திரம் பதில் சொன்னது. என் கணவர் முதல் நாளே ஆப்பைப் போனிலிருந்து நீக்கியிருந்தார். அதனால் அவர் போனுக்குச் செய்தி வருவது நின்றதே தவிர, மற்றவர்களுக்கு வாரா வாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. எண்களையெல்லாம் அவர்கள் ஏற்கனவே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போலீசில் கேட்கலாம் என்று போனோம். எவ்வளவு பணம் போனது என்று முதல் கேள்வி கேட்டார்கள். பணம் எதுவும் போகவில்லை என்றோம். அப்படியானால் என்னவென்று எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஸ்டாஃப் ரூமில் சொல்லிப் புலம்பினேன். எல்லா ஆப்பும் அப்படித்தான் டீச்சர், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்றார் சக ஆசிரியர் ஒருவர். நான் அன்று அவரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும், மணி அடித்துவிட்டது. எங்கள் வயல்களுக்குச் சுவர் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு, அவ்வளவுதான், யாரும் தாண்டலாம். ஆனால் பக்கத்து வயலுக்காரரைக் கேட்காமல் அவருடைய மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிப் பாருங்கள், மண்வெட்டியோடு வந்துவிடுவார். மடை திறந்துதானே இருந்தது, மறைக்க உனக்கு என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. இவ்வளவு தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, போன் என்றதும் எல்லோரும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறோம்.

வாரா வாரம் செய்தி போனது. இந்த வாரம் திராட்சை அளவு, இந்த வாரம் நெல்லிக்காய் அளவு. கேலி மெல்லக் குறைந்து அதன் இடத்தில் அன்பு வந்தது. அது இன்னும் மோசம். முகம் தெரியாதவர்கள் என் கணவரிடம் முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினார்கள். எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லு, முன்பு இரண்டு போயிருக்கிறதாமே என்றும் கேட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். யாரிடமும் முகத்தைச் சுளிக்க முடியாது.

தை மாதம், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அதுவும் தங்காமல் போய்விட்டது. எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதையாவது நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தேன், அவர் வராந்தாவில் நின்றார். பருவம் தப்பிய மழையில் கதிர் சாய்ந்து கிடந்தது, செயின் மெஷினுக்கு ஆளாளுக்குப் பறந்தார்கள், அவரால் போனை அணைத்து வைக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கடைசியாக, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், நல்லாயிருக்காங்க என்றே சொன்னார். திறந்திருந்த கதவு வழியாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், வேறு என்ன சொல்வார், மெஷின் ராத்திரிக்கு வந்துவிடும், குழந்தை போய்விட்டது என்றா?

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாரச் செய்தி தவறாமல் போனது. எலுமிச்சம்பழம் அளவாம், கை விரல்களை மடக்குகிறதாம். மாமியாருடைய போனுக்கும் அது வரும். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்துவிட்டு போனை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "இதை நிறுத்தவே முடியாதா? நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே?" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதனால்தான் எழுந்தேன்.

என் கணவரின் போனில் அந்த ஆப்பை மறுபடியும் இறக்கினேன். உள்ளே தேடித் துழாவியதில், ஏழெட்டுப் பக்கங்களுக்கு அடியில், ‘பயணத்தை முடிக்க’ என்று ஒரு பொத்தான் கிடைத்தது. அழுத்தினால் காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் கொடுத்திருந்தார்கள். வேறு செயலிக்கு மாறுகிறேன். அறிவிப்புகள் அதிகமாக வருகின்றன. குழந்தை பிறந்துவிட்டது. முதல் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன், இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருங்கள் என்று கெஞ்சிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. மூன்றாவதைத் தொட்டால் மட்டும் அடுத்த பக்கம் திறந்தது.

நாலாவதாக ஒன்று இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இப்படி ஒரு படிவம் செய்துகொண்டு வந்தால், ‘மற்றவை’ எங்கே என்று கேட்டு மார்க்கைக் குறைப்பேன். படித்து முடித்துப் பெரிய கம்பெனியில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களில் ஒருவருக்குக்கூட, வயிற்றில் உண்டானது போய்விடும் என்று தெரியாதா? அவர்கள் வீட்டில் யாருக்கும் போனதே இல்லையா? போனைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. உடைத்தாலும் செய்தி நிற்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

மூன்றாவதை அழுத்தினேன். தேதி கேட்டது, அன்றைய தேதியைப் போட்டேன். இத்தனை சீக்கிரம் பிள்ளை பிறக்குமா என்று அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எடை என்ன, என்ன பெயர் வைத்தீர்கள் என்றதையெல்லாம் தாண்டினேன். பயணம் இனிதே நிறைவடைந்தது என்று திரை சொன்னது. மாமியாரிடம் போய், நின்றுவிட்டது அத்தை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை என் கணவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அடித்தது. கோமல் ரோடு ஒரு வேலி டயர். மெஷின் விஷயமாக இருக்கும், அவசரமாக இருக்கும் என்று நானே எடுத்தேன். வயதான குரல். நான் பார்த்திராத மனிதர்.

"வீட்டுல பேசுறீங்களாம்மா? ரொம்ப சந்தோஷம். என்ன குழந்தை?"

அப்போதுதான் புரிந்தது. நிறைவடைந்த பயணத்துக்கு ஒரு வாழ்த்துச் செய்தி போயிருக்கிறது, அத்தனை பேருக்கும். உங்கள் நண்பர் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டார் என்று. அவர் குளித்துவிட்டு வரட்டும் என்று வைத்துவிடலாம். வைக்கவில்லை. நானே சொல்லிவிடுவது என்று நிமிர்ந்து நின்றேன்.

"குழந்தை இல்லைங்க. தங்கல. கலைஞ்சு போச்சு" என்றேன்.

தூரத்தில் டிராக்டர் ஓடுவது கேட்டது.

"இல்லையேம்மா," என்றார் மெதுவாக. "பொறந்துடுச்சுன்னு மெசேஜ் வந்துருக்கே. கம்பெனியிலேருந்தே அனுப்பிச்சிருக்கான்."

அது தப்பாகப் போன செய்தி என்றேன். ஒரு நிமிஷம் இரும்மா என்றார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ஒரு சின்னப் பெண்ணின் குரல் அந்த வாழ்த்தை வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டியது. தேதிகூடப் போட்டிருக்கிறது என்றார் பெரியவர். நான் போட்ட தேதி. அவர் கெட்டவர் இல்லை, பிறந்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டார். சார்ஜர் வயர் எட்டிய தூரத்தில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, என் வயிற்றில் இருந்தது பிறக்கவில்லை என்று முகம் தெரியாத ஒருவரிடம் நான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

"பொறக்கலைங்க" என்றேன் மறுபடியும்.

அவர் அந்தப் பெண்ணிடம் தேதியைத் திரும்பவும் கேட்டுக்கொண்டார்.

"எதுக்கும் இன்னொரு தடவை நல்லா விசாரிச்சுப் பாரும்மா" என்றார்.